காதை நம்பாமல் முள்ளை நம்புவது: இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் எழுத்துத் தேர்வுக்கு ஒரு தொடக்கம்

வீட்டில் சுழல் நாற்காலி இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காருங்கள். யாரையாவது விட்டு நாற்காலியை ஒரே சீரான வேகத்தில், மெதுவாக, வலப்பக்கம் சுற்றச் சொல்லுங்கள். முதல் சில நொடிகள் சுற்றுவது நன்றாகத் தெரியும். பத்து இருபது நொடி போனதும் நாற்காலி நின்றுவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் அது சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் அவர் நாற்காலியைப் பிடித்து நிறுத்துவார். உங்களுக்கோ இப்போதுதான் இடப்பக்கம் சுற்றத் தொடங்கியது போலத் தோன்றும். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவத்தோடு. தலை திரும்பத் தொடங்கும்போது திரவம் சற்றுப் பின்தங்கும். அதனால் உள்ளே இருக்கும் நுண்மயிர்கள் வளையும், 'திரும்புகிறோம்' என்று மூளைக்குத் தகவல் போகும். ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் குழாயோடு சேர்ந்து ஓட ஆரம்பித்துவிடும், மயிர்கள் நிமிர்ந்துவிடும், காதிலிருந்து தகவல் நின்றுவிடும். நாற்காலியில் இது விளையாட்டு. மேகத்துக்குள் பறக்கும் விமானிக்கும் காது இதே காதுதான்.

1954-இல் இலினாய் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாதபடி செய்து, விமானத்தை ஓட்டச் சொன்னார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 நொடி, அதாவது மூன்று நிமிடம்கூட இல்லை. 19 பேர் சுருளாகக் கீழே இறங்கும் திருப்பத்தில் மாட்டினார்கள். விமானிகள் அதற்கு வைத்திருக்கும் பெயரிலேயே கல்லறை என்ற சொல் இருக்கிறது. பக்கத்தில் பயிற்சியாளர் இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆய்வு செய்தவர்கள் பயமுறுத்தப் பார்க்கவில்லை, சிறிது பயிற்சி கொடுத்தால் இவர்களால் திரும்பி வெளியே வர முடியுமா என்றுதான் பார்த்தார்கள். முடிந்தது.

முடியும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். 1929 செப்டம்பர் 24 அன்று நியூயார்க்கின் லாங் ஐலண்டில் உள்ள மிட்செல் ஃபீல்டில் அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில் ஒரு விமானத்தின் பின் இருக்கையில் ஏறி, தலைக்கு மேல் துணி மூடியை இழுத்து விட்டுக்கொண்டார். வெளியே எதையும் பார்க்காமல் கிளம்பி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே களத்தில் இறங்கினார். மொத்தம் சுமார் 15 நிமிடம். முன் இருக்கையில் பாதுகாப்புக்கு பென் கெல்சி என்ற விமானி இருந்தார், ஆனால் விமானத்தை அவர் ஓட்டவில்லை. விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் ஸ்பெரி நிறுவனத்தின் செயற்கை அடிவானம், கால்ஸ்மேன் செய்த நுட்பமான ஆல்டிமீட்டர் (உயரமானி), ஒரு ரேடியோ வழிகாட்டி, இவைதான் டூலிட்டிலுக்குத் துணை.

இன்றைக்கு அமெரிக்காவில் மேகத்துக்குள் அப்படிப் பறக்க விமானிக்கு இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் என்ற கூடுதல் தகுதி வேண்டும். அங்கே பறக்கப் படிக்கப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள், பிரைவேட் பைலட் உரிமம் வாங்கிய கையோடு மாட்டிக்கொள்ளும் அடுத்த மலை இதுதான். இதில் எழுத்துத் தேர்வு ஒரு பகுதி. இன்னொரு பகுதி பறக்கும் மணிக்கணக்கு: விமானத்தின் பொறுப்பாளராக 50 மணி நேர வெளியூர்ப் பயணம், கருவிகளை மட்டும் பார்த்து 40 மணி நேரம். கடைசியில் தேர்வாளரோடு செக்ரைட், அதாவது பேச்சிலும் பறப்பதிலும் நேரடித் தேர்வு.

எழுத்துத் தேர்வின் கணக்கு எளிது. 60 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று விடைகள், இரண்டரை மணி நேரம். நூற்றுக்கு 70 மதிப்பெண் எடுத்தால் பாஸ், அதாவது 42 கேள்விகள் சரியாக இருந்தால் போதும். நேரம் போதாமல் யாரும் தோற்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பயிற்சித் தளங்களில் கேள்வி வங்கிகள் கிடைக்கும். பழைய கேள்விகளையும் அதே மாதிரிக் கேள்விகளையும் நூற்றுக்கணக்கில் போட்டுப் போட்டு விடைகளை மனப்பாடம் செய்தால் 80 எடுக்கலாம். பலர் எடுக்கிறார்கள். நானும் முதல் மாதம் அதைத்தான் செய்தேன். ஒரு நாள் என் பயிற்சியாளர் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு படத்தில் விமானத்தை மட்டும் எதிர்ப்பக்கம் வரைந்து காட்டினார். நான் பழைய விடையையே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து காப்பி குடிக்கப் போய்விட்டார். அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது, இந்த 60 கேள்விகளிலும் திரும்பத் திரும்ப வருபவை இரண்டே கேள்விகள். நான் இப்போது எங்கே இருக்கிறேன்? இந்த முள் உண்மைதான் சொல்கிறதா?

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். படிக்க உட்கார்ந்தாலும் இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது.

காதை நம்பாதே, கருவியை நம்பு என்று முதல் பாடத்திலேயே சொல்லிவிடுவார்கள். இரண்டாம் பாடத்தில் கருவி எப்போதெல்லாம் பொய் சொல்லும் என்று ஆரம்பிப்பார்கள். பழைய பாணி வட்ட டயல்களில் ஆறு முக்கியம். வேகமானி, ஆல்டிமீட்டர், ஏற்ற இறக்க வேகம் காட்டும் மானி மூன்றும் காற்றழுத்தத்தால் வேலை செய்பவை. செயற்கை அடிவானம், ஹெடிங் (மூக்கு பார்க்கும் திசை) காட்டி, திருப்பம் காட்டும் கருவி மூன்றும் ஜைரோ என்ற சுழலும் சக்கரத்தால் வேலை செய்பவை. இந்தப் பிரிவினை தலைக்குள் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு வழி தெரிந்துவிடும்.

காற்றழுத்தக் கருவிகளுக்கு இரண்டு வாய்கள். ஒன்று எதிர்க்காற்றை வாங்கும் பைடாட் குழாய், இன்னொன்று வெளிக்காற்றின் சாதாரண அழுத்தத்தை வாங்கும் ஸ்டாட்டிக் துளை. வேகமானி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் காட்டுகிறது. இப்போது பனி உறைந்து பைடாட் குழாயின் முன்வாயும், தண்ணீர் வடியும் துளையும் சேர்ந்து அடைத்துக்கொண்டன என்று வையுங்கள். குழாய்க்குள் மாட்டிய காற்றின் அழுத்தம் மாறாது. விமானம் ஏறினால் வெளி அழுத்தம் குறையும், வித்தியாசம் கூடும், வேகமானியில் முள் மேலே போகும். வேகம் அதிகமாகிறதே என்று விமானி மூக்கைத் தூக்குவார். தூக்கினால் விமானம் இன்னும் ஏறும், முள்ளும் இன்னும் ஏறும். உண்மையான வேகமோ குறைந்துகொண்டே போகும், இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் ஸ்டாலில் போய் நிற்கும். தேர்வில் இது ஒரே வரிக் கேள்வி: இரண்டு துளைகளும் அடைத்தால் வேகமானி எதைப் போல நடந்துகொள்ளும்? விடை ஆல்டிமீட்டர். மனப்பாடம் செய்தவருக்கும் ஒரு மதிப்பெண், மேலே சொன்னதை மனக்கண்ணில் ஓட்டிப் பார்த்தவருக்கும் ஒரு மதிப்பெண். கேள்வியைக் கொஞ்சம் திருப்பி, ஸ்டாட்டிக் துளை மட்டும் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். ஆல்டிமீட்டர் அடைபட்ட உயரத்திலேயே உறைந்து நிற்கும், ஏற்ற இறக்க மானி பூஜ்யத்தில் நிற்கும், அந்த உயரத்துக்கு மேலே ஏறினால் வேகமானி குறைத்துக் காட்டும்.

ஆல்டிமீட்டர் அடைப்பே இல்லாமலும் பொய் சொல்லும். அது அழுத்தத்தைத்தான் அளக்கிறது, உயரமாக நாம்தான் வாசிக்கிறோம். அமெரிக்காவில் அழுத்தத்தைப் பாதரச அங்குலத்தில் சொல்வார்கள். ஒரு அங்குலத்துக்கு ஏறக்குறைய 1,000 அடி. கிளம்பிய ஊரின் அழுத்தமான 29.92-ஐ ஆல்டிமீட்டரில் வைத்துவிட்டு, 29.42 இருக்கும் ஊருக்கு மாற்றாமலே போனால் அரை அங்குலம் பிழை, 500 அடி. ஆல்டிமீட்டர் 3,000 காட்டும்போது நீங்கள் 2,500-இல் இருப்பீர்கள். பிழை ஆபத்தான பக்கம்தான் விழும். எந்தப் பக்கம் விழும் என்று குழம்பினால் அதிக அழுத்தத்திலிருந்து குறைந்த அழுத்தத்துக்குப் போவதைப் பள்ளத்தில் இறங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

காந்தத் திசைகாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். வடக்கு நோக்கிப் போகும்போது திருப்பினால் அது முதலில் எதிர்ப்பக்கம் ஆடிவிட்டுப் பின்தங்கி வரும், தெற்கு நோக்கிப் போகும்போது முந்திக்கொண்டு ஓடும். கிழக்கு மேற்காகப் போகும்போது வேகத்தைக் கூட்டினால் வடக்குப் பக்கம் சாயும், குறைத்தால் தெற்குப் பக்கம். இதெல்லாம் பூமியின் வட பாதிக்கு. இதற்குக் காரணத்தைத் தேடிப் படித்து ஒரு வாரம் வீணாக்கினேன். விடைகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்தத் தேர்வில் காரணம் தெரியாமலே மனப்பாடம் செய்வதற்கு நான் ஆதரவு தரும் ஒரே இடம் இதுதான்.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். நான் எங்கே இருக்கிறேன்?

ஜி.பி.எஸ். வந்த பிறகும் தேர்வில் வி.ஓ.ஆர். கேள்விகள் உண்டு. வி.ஓ.ஆர். என்பது தரையில் இருக்கும் ரேடியோ நிலையம். சக்கரத்தின் ஆரக்கால்கள் போல 360 திசைகளிலும் ரேடியல் என்ற ரேடியோ கோடுகளை வீசும். விமானத்தில் ஒரு டயல், அதில் ஒரு குமிழ், ஒரு முள், 'டு' (நிலையத்தை நோக்கி) அல்லது 'ஃப்ரம்' (நிலையத்திலிருந்து) என்று காட்டும் சிறு ஜன்னல். புதியவர்கள் எல்லோரும் தடுக்கி விழும் கல் ஒன்று இருக்கிறது: விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது இந்த டயலுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது நீங்கள் இருக்கும் இடம் மட்டும்.

ஒரு கேள்வியை மெதுவாகப் போட்டுப் பார்ப்போம். குமிழில் 090 வைத்திருக்கிறீர்கள். ஜன்னலில் 'ஃப்ரம்'. முள் வலப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. நீங்கள் எங்கே? ஒரு தாளின் நடுவே புள்ளி வையுங்கள், அதுதான் நிலையம். 090 என்றால் கிழக்கு, புள்ளியின் வழியாக மேற்கிலிருந்து கிழக்காகக் கோடு போட்டு கிழக்கு முனையில் அம்புக்குறி வையுங்கள். அடுத்து, புள்ளி வழியாகவே வடக்குத் தெற்காக இன்னொரு கோடு. 'ஃப்ரம்' என்றால் அம்பு இருக்கும் பாதியில் இருக்கிறீர்கள், அதாவது கிழக்குப் பாதி. இப்போது அம்பு பார்க்கும் திசையில் முகத்தை வைத்து நில்லுங்கள். முள் வலப்பக்கம் என்றால் கோடு உங்களுக்கு வலப்பக்கம். கிழக்கே பார்த்து நின்றால் வலம் தெற்கு. கோடு தெற்கே இருக்கிறது என்றால் நீங்கள் கோட்டுக்கு வடக்கே. வடகிழக்குக் கால்வட்டம். முடிந்தது. கேள்வியில் விமானத்தின் ஹெடிங் 215 என்று போட்டிருப்பார்கள், அது உங்களைக் குழப்புவதற்காகவே போட்டது.

இதோடு ஒரு கணக்கும் சேர்ந்து வரும். நிலையத்திலிருந்து 60 நாட்டிகல் மைலில் ஒரு டிகிரி விலகல் என்றால் ஒரு மைல் விலகல். வி.ஓ.ஆர். முள் முழுசாக ஓரத்துக்குப் போனால் 10 டிகிரி. ஆகவே 60 மைலில் முள் ஓரத்தைத் தொட்டால் பாதையை விட்டு 10 மைல் தள்ளி இருக்கிறீர்கள், 30 மைலில் என்றால் 5. ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐ.எல்.எஸ். லோக்கலைசரில் அதே முள் நான்கு மடங்கு கூர்மை, ஏறக்குறைய இரண்டரை டிகிரியிலேயே ஓரத்துக்குப் போய்விடும். மூன்று டிகிரி சறுக்குப் பாதையில் இறங்க நிமிடத்துக்கு எத்தனை அடி என்று கேட்டால் தரைவேகத்தை ஐந்தால் பெருக்குங்கள். 90 நாட் என்றால் 450 அடி.

அடுத்தது ஹோல்டிங். வானத்தில் காத்திருக்கச் சொல்லும்போது ஓட்டப்பந்தயத் தடம் போல நீள்வட்டத்தில் சுற்றுவது. வேறு எதுவும் சொல்லாவிட்டால் வலத் திருப்பம், 14,000 அடி வரை உள்வரும் பக்கம் ஒரு நிமிடம். அதற்குள் நுழைய மூன்று வழிகள்: நேராக, இணையாக, கண்ணீர்த்துளி வடிவில். எது எப்போது என்பதைப் புத்தகத்தில் 70 டிகிரிக் கோடு போட்டு விளக்கியிருப்பார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத் தலை சுற்றாதவர்கள் குறைவு.

எனக்குப் புரிந்தது தரையில் சாக்பீஸால் வரைந்தபோதுதான். நடுவில் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தேன், அதுதான் வி.ஓ.ஆர். '270 ரேடியலில், மேற்கே ஹோல்ட் செய்' என்பது உத்தரவு. டம்ளரிலிருந்து மேற்கே ஒரு கோடு. அந்தக் கோட்டின் வழியாக டம்ளரை நோக்கி வருவது உள்வரும் பக்கம், திசை 090. வந்ததும் வலப்பக்கம் திரும்ப வேண்டும், ஆக நீள்வட்டம் கோட்டுக்குத் தெற்கே. இப்போது நான் எந்த ஹெடிங்கில் டம்ளருக்கு வருகிறேன் என்பதைப் பார்க்க வேண்டும். மூக்குக்கு நேரிலிருந்து வலப்பக்கம் 70 டிகிரிக்குள் அந்த 270 விழுந்தால் கண்ணீர்த்துளி. மூக்கிலிருந்து இடப்பக்கம் 110 டிகிரிக்குள் விழுந்தால் இணை. மீதி எங்கே விழுந்தாலும் நேர். 240-இல் வந்தால் 270 எனக்கு 30 டிகிரி வலப்பக்கம், கண்ணீர்த்துளி. 280-இல் வந்தால் 10 டிகிரி இடப்பக்கம், இணை. 045-இல் வந்தால் 270 எனக்கு 135 டிகிரி இடப்பக்கம், பின்னால் போய்விட்டது, நேராக நுழையலாம். இடத் திருப்பம் கேட்டால் இரண்டு எண்களையும் பக்கம் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். இருபது தடவை நடந்தேன். பக்கத்து அறை நண்பன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தான்.

வானிலைப் பகுதி நம் பள்ளிப் புவியியலை நம்பினாலே பாதி தேறும். வெப்பநிலையும் பனிநிலையும் (காற்றின் ஈரம் நீராகத் தொடங்கும் வெப்பநிலை) நெருங்கினால் மேகம் அல்லது மூடுபனி. தரையில் 25 டிகிரி செல்சியஸ், பனிநிலை 20 என்றால் வித்தியாசம் 5, அதை இரண்டரையால் வகுத்தால் 2, மேகத்தின் அடி ஏறக்குறைய 2,000 அடியில். எந்த வகை மூடுபனிக்குக் காற்று வேண்டும், எதற்குக் காற்று இருக்கக் கூடாது என்பது கட்டாயம் வரும்: இரவில் தரை குளிர்ந்து உருவாவதற்கு அமைதி வேண்டும், ஈரக்காற்று குளிர்ந்த தரைமேல் நகர்ந்து உருவாவதற்கும் சரிவில் ஏறி உருவாவதற்கும் காற்று வேண்டும்.

சட்டப் பகுதி எண்களின் காடு. அதில் ஒன்றை மட்டும் நிதானமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நானே அதில் விழுந்தேன். போய்ச் சேரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து ஒரு மணி நேரம் பின்பு வரை, சேருமிடத்தில் மேகத்தின் அடி 2,000 அடிக்கும் பார்வைத் தூரம் மூன்று மைலுக்கும் குறையாது என்று முன்னறிவிப்பு சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மாற்று விமான நிலையத்தைத் திட்டத்தில் எழுத வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று என்று நினைவு வைப்பார்கள். அந்த மாற்று நிலையத்துக்கும் நிபந்தனை உண்டு. அங்கே ஐ.எல்.எஸ். போன்ற துல்லிய அப்ரோச் (கருவிகளைப் பார்த்து ஓடுபாதைக்கு இறங்கி வரும் முறை) இருந்தால் நீங்கள் சேரும் நேரத்துக்கு 600 அடியும் இரண்டு மைலும், அது இல்லாத அப்ரோச் என்றால் 800 அடியும் இரண்டு மைலும் முன்னறிவிப்பில் இருக்க வேண்டும். எரிபொருள், சேருமிடம் வரை, அங்கிருந்து மாற்று வரை, அதற்கு மேல் சாதாரண வேகத்தில் 45 நிமிடம். இதை மனப்பாடம் செய்துவிடலாம். பொறி வேறு இடத்தில் இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எப்படிப் படிப்பது? அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்.ஏ.ஏ. தன் இன்ஸ்ட்ருமென்ட் கையேட்டை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. முதலில் அதில் கருவிகள் பகுதி, பிறகு வழிகாட்டும் ரேடியோக்கள், பிறகு ஹோல்டிங்கும் அப்ரோச்சும், சட்டம் கடைசியில். கையேட்டில் பாதிக்கு மேல் படித்த பிறகு கேள்வி வங்கியைத் திறவுங்கள். தவறான கேள்விக்குச் சரியான விடையைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு படம் வரையுங்கள். இன்னொன்று, தேர்வில் கொடுக்கும் படங்களின் இணைப்புப் புத்தகத்தையும் எஃப்.ஏ.ஏ. வெளியிடுகிறது. அதை இறக்கி வைத்துப் பழகுங்கள். ஒரு சார்ட்டின் மூலையில் பொடி எழுத்தில் கிடக்கும் குறிப்பைத் தேடுவதில் போகும் நேரம்தான் அறையில் பதற்றத்தைக் கொண்டுவரும்.

தேர்வுக்குப் பதிய எஃப்.ஏ.ஏ. கொடுக்கும் கண்காணிப்பு எண் வேண்டும், போகும்போது அடையாள அட்டையும் பயிற்சியாளர் தரும் ஒப்புதலும் வேண்டும். முடிந்ததும் கையில் தாள் வரும். அந்த மதிப்பெண் 24 மாதம் செல்லும், மாதக் கடைசி வரை கணக்கு. தோற்றால் பயிற்சியாளர் மறுபடி சொல்லிக்கொடுத்து ஒப்புதல் எழுதித் தந்த பிறகு திரும்ப எழுதலாம்.

தேறிவிட்டால் மேகத்துக்குள் போகலாம் என்று அர்த்தமில்லை. 1999 ஜூலை 16 இரவு, முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய விமானம் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்கு அருகே கடலில் விழுந்தது. அவரோடு மனைவியும் மனைவியின் அக்காவும் இறந்தார்கள். இருட்டில், கடல்மேல், மங்கலான காற்றில் திசையுணர்வு தடுமாறி விமானத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் போனது என்பது விசாரணையின் முடிவு. இதே எழுத்துத் தேர்வில் அவர் அந்த மார்ச்சிலேயே 78 மதிப்பெண் எடுத்துத் தேறியிருந்தார். ரேட்டிங் பயிற்சி பாதியில் இருந்தது.

எனக்கு 6 கேள்விகள் தவறு, மதிப்பெண் 90. மதிப்பெண் தாளில் எந்தக் கேள்வி தவறு என்று இருக்காது, எந்தத் தலைப்பில் தவறு என்று குறியீடுகள்தான் இருக்கும். செக்ரைட் அன்று தேர்வாளர் அந்தத் தாளை மேசைமேல் விரித்து, முதல் குறியீட்டில் விரலை வைத்தார்.

"சேருமிடம் மூடிவிட்டது. மாற்று நிலையத்துக்குத் திரும்பிவிட்டீர்கள். அங்கே ஐ.எல்.எஸ். இருக்கிறது, 200 அடி வரை இறங்கலாம் என்று அப்ரோச் படம் (பிளேட்) சொல்கிறது. ஆனால் இப்போது அங்கே மேகம் 400 அடியில். உங்கள் புத்தகம் 600 என்கிறது. இறங்குவீர்களா?"

தேர்வில் முடியாது என்று எழுதியிருந்தேன். "இறங்குவேன். 600 என்பது காலையில் மேசையில் உட்கார்ந்து திட்டம் போட. வந்து சேர்ந்த பிறகு பிளேட்டில் உள்ள 200-தான்."

அவர் விரல் அடுத்த குறியீட்டுக்கு நகர்ந்தது.